‘வாகனச் சோதனை’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று காரியங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘போலீசார் வாகனச் சோதனையில் ஈடுபட்டிருந்தபோது, அவ்வழியே சந்தேகத்துக்கிடமாக வந்த காரை நிறுத்திச் சோதனையிட்டதில்...’ என்று தொடங்கும் செய்தி நம் மாவட்டப் பக்கத்துக்குப் புதிதல்ல. கடல் அட்டை, கஞ்சா, பீடி இலை, தங்கம் என்று பிடிபட்ட பொருள் மாறுகிறது. வாக்கியம் மட்டும் மாறுவதே இல்லை. ராமநாதபுரம் மாவட்ட நீதிமன்றங்களில் இவ்வகை வழக்குகளை நடத்தி வரும் வழக்கறிஞர்கள் நாங்கள். அந்த வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அதில் இரண்டு இடத்தில் வரும் ‘சோதனை’க்குப் பொருள் ஒன்றல்ல. லைசென்ஸையும் ஆர்.சி.யையும் வாங்கிப் பார்ப்பதைச் சோதனை என்கிறோம். குடித்திருக்கிறாரா என்று கருவியில் ஊதச் சொல்வதையும் சோதனை என்கிறோம். டிக்கியைத் திறந்து பையைக் கொட்டிப் பார்ப்பதும் நமக்குச் சோதனைதான். சட்டமோ இந்த மூன்றுக்கும் மூன்று தனி வாசல் வைத்திருக்கிறது. முதல் வாசலில் நுழைந்தவர் கேட்காமலே மூன்றாவது அறைக்குள் போய்விடுவதுதான் நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கும் தகராறுகளில் பெரும்பாலானவற்றின் வேர். மக்களுக்கும் இந்த வேறுபாடு தெரிவதில்லை. பணியில் இருக்கும் காவலர்களில் பலரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

முதலாவது எளிது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 130: சீருடையில் இருக்கும் எந்தக் காவலர் கேட்டாலும் ஓட்டுநர் லைசென்ஸைக் காட்ட வேண்டும். ‘ஏட்டுக்கு லைசென்ஸ் கேட்க அதிகாரம் இல்லை’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருப்பது தவறு. சீருடை இருந்தால் போதும், பதவி பொருட்டல்ல. அபராதத்தைச் சாலையிலேயே வாங்கிக்கொண்டு குற்றத்தை முடித்துவைப்பதற்குத்தான் பிரிவு 200-இன்கீழ் அரசு அறிவித்த பதவியில் இருப்பவர் தேவை. இரண்டையும் குழப்பிக்கொண்டு காவலரிடம் வாதிடுபவர் தன் பக்கத்து நியாயத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறார்.

மத்திய மோட்டார் வாகன விதி 139 திருத்தப்பட்ட பிறகு, அரசின் செல்பேசிச் செயலிகளான டிஜிலாக்கரிலும் எம்-பரிவாஹனிலும் இருக்கும் ஆவணம் அசல் ஆவணத்துக்குச் சமம். 2020 அக்டோபர் 1 முதல், மின்னணு வழியில் சரிபார்க்க முடிந்த ஆவணத்தின் காகித வடிவத்தைக் கேட்கவே கூடாது. அதே விதியில் இன்னொன்று இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை: ஆவணத்தைப் பார்த்த தேதி, நேரம், பார்த்த அதிகாரியின் அடையாளம் ஆகியவற்றை இணைய தளத்தில் பதிய வேண்டும். சாயல்குடியில் பார்த்ததை ஏர்வாடியிலும், ஏர்வாடியில் பார்த்ததைக் கீழக்கரையிலும் மறுபடி கேட்டு ஒரே வண்டியை மூன்று இடத்தில் நிறுத்தாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆர்.சி., பெர்மிட், தகுதிச் சான்று ஆகியவை அந்த நேரத்தில் கையில் இல்லாவிட்டால் சான்றொப்பமிட்ட நகலை 15 நாளுக்குள் சேர்ப்பிக்கலாம்.

வண்டியையே பிடித்துவைப்பதற்குப் பிரிவு 207. அது எல்லாக் குற்றத்துக்கும் பொருந்தாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது, உரிய வயது ஆகாதவர் ஓட்டுவது, பதிவு இல்லாத வண்டி, பெர்மிட் இல்லாத அல்லது பெர்மிட் நிபந்தனையை மீறிய வண்டி, இவ்வளவுதான் அதன் எல்லை. இவற்றிலும் வண்டியை விட்டுவிட்டு ஆர்.சி.யை மட்டும் வாங்கிக்கொண்டு ஒப்புகைச் சீட்டுக் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ஹெல்மெட் போடவில்லை என்பதற்காக பைக்கை ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போவதற்கு 207 இடம் தராது. ஓடும் வண்டியிலிருந்து சாவியை உருவுவதற்கு அந்தச் சட்டத்தில் பிரிவே கிடையாது. லைசென்ஸைப் பறிமுதல் செய்தால் பிரிவு 206 சொல்கிறபடி தற்காலிக ஒப்புகை தர வேண்டும்; அந்தச் சீட்டே லைசென்ஸ் திரும்பி வரும்வரை வண்டி ஓட்டுவதற்கான அனுமதி.

இரண்டாவதான மூச்சுச் சோதனை பிரிவு 203-இல் வருகிறது. குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் சீருடைக் காவலர் ஊதச் சொல்லலாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் பிரிவு 185-இன்கீழ் குற்றம். அதற்காகக் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரிடம் பரிசோதனை நடக்க வேண்டும். நடக்காவிட்டால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும். இரவில் கைதாகும் இடத்துக்கும் மருத்துவர் பணியில் இருக்கும் மருத்துவமனைக்கும் உள்ள தூரத்தையும் சேர்த்துத்தான் அந்த 2 மணி நேரம். புறப்படத் தாமதித்தால் வழக்கின் கால் அங்கேயே ஒடிந்துவிடும்.

இனி மூன்றாவது. இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

மறைத்து வைத்த பொருளைத் தேடுவதற்காகப் பயணியின் பையைத் திறக்கவோ, சட்டைப்பையில் கை விடவோ, செல்பேசியை வாங்கிப் படங்களைப் புரட்டவோ மோட்டார் வாகனச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. அந்த அதிகாரம் வேறு சட்டங்களிலிருந்துதான் வர வேண்டும். வரும்போது தன் நிபந்தனைகளையும் கூடவே கொண்டுவரும். ஆகவே நிறுத்தியவர் தேடவும் தொடங்கினால், ‘எந்தச் சட்டத்தின்கீழ் தேடுகிறீர்கள்?’ என்பதுதான் சரியான கேள்வி. ‘வாரண்ட் இருக்கிறதா?’ என்று கேட்பது பல நேரம் பயனற்றது, ஏனென்றால் வாரண்ட் இல்லாமல் தேட அனுமதிக்கும் சட்டங்கள் பல இருக்கின்றன.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவை, அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை, எடுத்துக்கொள்வோம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 165-ஆவது பிரிவு இதில் 185. அதன்படி தேடலாம், ஆனால் நிலையப் பொறுப்பு அதிகாரியோ புலனாய்வு அதிகாரியோதான் தேடலாம். அவர் விசாரிக்க அதிகாரம் பெற்ற ஒரு குற்றம் இருக்க வேண்டும். அந்தப் பொருள் அங்கே இருப்பதாக நம்புவதற்கான காரணத்தையும், எதைத் தேடுகிறார் என்பதையும் முன்கூட்டியே வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். தேடுவதை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். பதிவேட்டின் நகல் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். சட்டத்தின் விளக்கப் பிரிவில் ‘இடம்’ என்ற சொல்லுக்குள் வண்டியும் அடக்கம், கடலில் போகும் கலமும் அடக்கம் என்பதால், டாடா ஏஸுக்கும் நாட்டுப்படகுக்கும் இந்த விதிதான். எந்தக் குற்றத்தையும் மனதில் வைக்காமல் வருகிற வண்டியையெல்லாம் வரிசையாகத் திறந்து பார்ப்பதற்கு 185 பொருந்தாது.

பிரிவு 106-ஐக் காட்டுவார்கள். திருட்டுப் பொருள் என்றோ குற்றத்தோடு தொடர்புடையது என்றோ சந்தேகம் எழும் சூழலில் காணப்படும் பொருளைக் கைப்பற்றும் பிரிவு அது. கைப்பற்றும் அதிகாரம், தேடும் அதிகாரம் அல்ல. பின் இருக்கையில் கண்ணுக்குத் தெரியும்படி கிடக்கும் மூட்டையை எடுக்க அது உதவும். மூட்டை எங்கே என்று துழாவ உதவாது. பிரிவு 49 கைதுக்குப் பிந்தையது. கைதான ஆளை ஜாமீனில் விட முடியாத நிலையில் அவர் உடலில் சோதனை செய்து, உடுத்திய துணி நீங்கலாக எடுத்ததற்கெல்லாம் ரசீது தர வேண்டும். முதலில் சட்டைப்பையைத் துழாவி, ஏதாவது கிடைத்தால் கைது என்பது அந்தப் பிரிவைத் தலைகீழாகப் படிப்பது.

செப்டம்பரிலும் அக்டோபரிலும் பரமக்குடி, பசும்பொன் நிகழ்ச்சிகளையொட்டி நம் மாவட்டத்தில் பிறப்பிக்கப்படும் தடை உத்தரவையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பழைய 144, இப்போது 163. உத்தரவில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவரைதான் அதன் கை நீளும். வாடகை வண்டிக்குத் தடை என்றிருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பலாம். அதை வைத்துக்கொண்டு பயணியின் பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் மறுபடியும் வேறொரு பிரிவைத்தான் தேட வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, காவல்துறையின் கையைக் கட்டச் சொல்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். இந்தக் கரையில் கடத்தல் உண்மை. அதனால் பெயர் கெடுவதும் அஞ்சி நடப்பதும் கடலை நம்பி வாழும் குடும்பங்கள்தான். கடத்தலைப் பிடிக்கப் போதுமான அதிகாரத்தைத் தனிச் சட்டங்கள் தாராளமாகவே கொடுத்திருக்கின்றன. அந்தச் சட்டங்களின் படிகளைத் தாண்டிக் குதிப்பதால்தான் பிடித்த வழக்கு நீதிமன்றத்தில் நழுவுகிறது.

கடல் அட்டையைப் பாருங்கள். 2001 முதல் அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் பிரிவு 50, நியாயமான காரணம் இருந்தால் வண்டியையும் படகையும் நிறுத்தித் தேடவும், மூட்டை முடிச்சைத் திறக்கவும் வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. யாருக்கு? வன அலுவலருக்கும், சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத காவல் அதிகாரிக்கும். நள்ளிரவில் காவலர் இருவர் மட்டும் மடக்கித் தேடி முடித்துவிட்டு, காலையில் எஸ்.ஐ. வந்து மகஜரில் (கைப்பற்றிய விவரத்தைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் ஆவணம்) கையெழுத்துப் போட்டால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுதான். செய்ய வேண்டியது சிறிய காரியம்: வண்டியை நிறுத்துங்கள், எஸ்.ஐ.யை அழையுங்கள், அவர் வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு அவர் முன்னிலையில் திறங்கள்.

பிடித்த கடல் அட்டையை எடை போடுவதிலும் ஒரு தவறு வழக்கமாகிவிட்டது. ஈரமாகப் பிடிபட்டதைச் சாக்கோடு நிறுத்து எடையை எழுதுவார்கள். தண்ணீர் வடிய வடிய எடை குறையும். நீதிமன்றத்துக்கு வரும்போது மகஜரில் ஒரு எடை, பொருளை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம் 95-இல் ஒரு எடை. நடுவில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று வாதிட வாய்ப்பை அரசுத் தரப்பே கொடுத்ததாகிவிடும். சாக்கைத் தனியாக நிறுத்து, ஈரமா அவித்ததா உலர்ந்ததா என்று எழுதி, எண்ணிக்கையையும் சேர்த்துக் குறித்தால் இந்தத் தொல்லை இல்லை. எடை குறையலாம், எண்ணிக்கை குறையாது.

கஞ்சா வழக்கில் படிகள் இன்னும் கடுமை, ஏனென்றால் தண்டனை கடுமை. 20 கிலோவுக்கு மேல் என்றால் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு சிறை. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-இல் பிரிவு 43 பொது இடத்துக்கானது, பிரிவு 42 கட்டடத்துக்கும் வண்டிக்குமானது. சாலையில் நிற்கிற கார் பொது இடத்தில்தானே இருக்கிறது என்று 43-ஐப் பிடித்துக்கொள்கிறார்கள். பேருந்து போன்ற பொதுப் போக்குவரத்து வண்டிக்குத்தான் அந்த விளக்கம் பொருந்தும், தனியார் வண்டிக்குப் பிரிவு 42 என்று பூட்டா சிங் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 42 என்றால், கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட, அதிகாரமளிக்கப்பட்ட அதிகாரி வேண்டும். கிடைத்த தகவலை எழுத்தில் பதிய வேண்டும். அதன் நகலை 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். சூரியன் மறைந்த பிறகு என்றால் வாரண்ட் வாங்கக் காத்திருக்க முடியாத காரணத்தை எழுத வேண்டும். சற்றுத் தாமதமானால் விளக்கம் சொல்லிக்கொள்ளலாம், அடியோடு விட்டுவிட்டால் மன்னிப்பில்லை என்பது 2009-இல் கர்னைல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது.

உடல் சோதனை என்றால் இதே போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 50. ‘கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை செய்யச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு’ என்று பிடிபட்டவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இது கட்டாயம் என்று விஜய்சிங் சந்துபா ஜடேஜா வழக்கில் 2010-இல் அரசியல் சாசன அமர்வு உறுதிப்படுத்தியது. இங்கே நடக்கிற தவறு இரண்டு. மூன்று பேரை வரிசையாக நிற்கவைத்து, மூவருக்கும் ஒரே தாளில் அறிவிப்புக் கொடுத்து, ஒருவரிடம் கையெழுத்து வாங்குவது ஒன்று. ‘அல்லது நானே சோதித்துக்கொள்ளட்டுமா?’ என்று சட்டத்தில் இல்லாத மூன்றாவது வழியைக் காட்டுவது மற்றொன்று. பரமானந்த் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் இரண்டையுமே ஏற்கவில்லை. ஆளுக்கு ஒரு தாள், அவரவர் மொழியில், அவரவர் கையெழுத்து. பையிலோ டிக்கியிலோ கிடைத்தால் பிரிவு 50 பொருந்தாது என்பதையும் குற்றம் சாட்டப்பட்ட தரப்பினர் தெரிந்துகொள்ள வேண்டும். அதை நம்பி வழக்கு நடத்தி ஏமாந்தவர்கள் உண்டு.

தங்கம், சுங்க வரி ஏய்ப்பு என்றால் சுங்கச் சட்டம் 1962, பிரிவு 106. வண்டியை நிறுத்தவும், சாவி தராவிட்டால் பூட்டை உடைக்கவும்கூட அதில் அதிகாரம் உண்டு. ஆனால் அது சுங்க அதிகாரியின் அதிகாரம். காவல்துறை அவர்களுக்கு உதவக் கடமைப்பட்டது. உடல் சோதனைக்கு முன் சுங்கத்துறையின் கெஜட்டட் அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ அழைத்துப்போகச் சொல்லிக் கேட்கும் உரிமை பிரிவு 102-இல் இருக்கிறது. சரக்கின் பில், இ-வே பில் பார்ப்பது ஜி.எஸ்.டி. அதிகாரியின் வேலை. கருவாட்டு மூட்டைக்கு இ-வே பில் எங்கே என்று போக்குவரத்துக் காவலர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எந்தச் சட்டமானாலும் ஒன்று பொது: பெண்ணின் உடலில் பெண்தான் சோதனை செய்யலாம், கண்ணியம் குறையாமல். பெண் காவலர் இல்லையென்றால் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மீன் வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மண்டபத்திலிருந்தும் தொண்டியிலிருந்தும் இறாலும் கணவாயும் ஏற்றிப் போகிற வண்டியை நிறுத்தித் தேட நியாயமான காரணம் இருக்கலாம். ஐஸுக்கு அடியில் பொருளை ஒளிப்பவர்கள் உண்டு. தேடுகிற விதத்தில்தான் நாசம் நடக்கிறது. மீனுக்குச் சம எடை ஐஸ் போட்டு அடுக்கிய பெட்டியை வெயிலில் தார் ரோட்டில் கவிழ்த்தால் அந்தச் சரக்கு போனதுதான். சூடு பட்ட இறாலின் தலை கறுத்துவிடும், அதற்கப்புறம் ஏலத்தில் அதை ஏறெடுத்துப் பார்க்க ஆள் இல்லை. நிழலான இடத்தில் வண்டியை ஒதுக்கச் சொல்லலாம். இரண்டு காலிப் பெட்டியைக் கையோடு வைத்துக்கொண்டு, மேல் ஐஸை ஒன்றில் அள்ளி, மீனை மற்றொன்றுக்கு மாற்றி, அடியைப் பார்த்துவிட்டு, அதே வரிசையில் திருப்பி அடுக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் திறந்திருக்க வேண்டும். பெட்டிக்குச் சில நிமிடம்தான் கூடுதலாகும். சந்தேகம் கலைந்து விட்டுவிடுகிற வண்டிக்கு ஒரு நாள் பிழைப்பு மிஞ்சும்.

பொருள் கிடைத்துவிட்டால் அடுத்தது மகஜர். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 103 அந்தப் பகுதியைச் சேர்ந்த, சுதந்திரமான, மதிப்புள்ள இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் அவர்கள் கையெழுத்திட வேண்டும், உரியவருக்கு நகல் தர வேண்டும். பிரிவு 105 தேடுதலையும் கைப்பற்றுதலையும், பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குவதுவரை, செல்பேசியிலாவது படம்பிடித்துத் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. 106-இன்கீழ் சாலையில் கைப்பற்றினாலும் இதே கட்டளைதான்.

நடைமுறையில் என்ன ஆகிறது? இரவு 2 மணிக்கு நடந்த கைப்பற்றலுக்கு, தொலைவிலிருக்கும் ஊரின் வி.ஏ.ஓ.வும் தலையாரியும் ‘தற்செயலாக’ வந்து சாட்சியாகிறார்கள். இடம் என்ற கட்டத்தில் ‘பாலம் அருகில்’ என்று மட்டும் இருக்கும். எந்தப் பாலம், எந்தப் பக்கம், கிலோமீட்டர் கல் என்ன என்று இருக்காது. எல்லாவற்றையும்விட விநோதம், எஃப்.ஐ.ஆர். பதிவாவதற்கு முன்பே எழுதியதாகச் சொல்லும் மகஜரின் தலையில் குற்ற எண் அதே மையில் இருக்கும். ஸ்டேஷனில் உட்கார்ந்து பிறகு எழுதியது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். உண்மையான கடத்தல்காரரும் இந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே போகிறார், எதுவும் செய்யாதவரும் இதே ஓட்டையால்தான் உள்ளே தள்ளப்படுகிறார்.

வாசகர்களிடம் ஒளிக்கக் கூடாத உண்மை ஒன்று உண்டு. சோதனை சட்டப்படி நடக்கவில்லை என்பதால் மட்டும் கிடைத்த பொருள் சாட்சியமாகாமல் போய்விடாது. 1973-இல் பூரன் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன இந்த நிலைப்பாடுதான் இன்றும் பொது விதி. கஞ்சா வழக்கின் பிரிவு 50 போன்ற கட்டாயப் படிகளை மீறினால்தான் வழக்கே சரியும். மற்றவற்றில் நீதிபதி சாட்சியத்தைக் கூடுதல் எச்சரிக்கையோடு பார்ப்பார், அவ்வளவே. வெளிநாட்டுத் தொடர்களைப் பார்த்துவிட்டு ‘இல்லீகல் சர்ச், கேஸ் நிற்காது’ என்று சாலையில் சவால் விடுவது ஆபத்தான அறியாமை.

ஆகவே நிறுத்தப்பட்டவர் செய்ய வேண்டியது தடுப்பதில் இல்லை, பதிவதில் இருக்கிறது. வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, கை தெரியும்படி இருங்கள். ஆவணத்தைக் காட்டுங்கள். பையைத் திறக்கச் சொன்னால் எந்தச் சட்டம், என்ன சந்தேகம் என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால், ‘நீங்கள் சொல்வதால் திறக்கிறேன், எனக்குச் சம்மதமில்லை’ என்று சொல்லிவிட்டுத் திறந்து காட்டுங்கள். கையைத் தட்டிவிடுவது, வண்டியை எடுத்துக்கொண்டு பறப்பது வேண்டாம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 221, 132 ஆகிய பிரிவுகள், அதாவது பணி செய்யவிடாமல் தடுத்தது, பணியிலிருந்த ஊழியரைத் தாக்கியது, உங்கள் மேல் விழும். அசல் சந்தேகம் பொய்யாய்ப் போனாலும் அவை நிற்கும். பொதுச் சாலையில் நடப்பதைப் படம்பிடிக்கத் தடையில்லை, இடைஞ்சலில்லாமல் தள்ளி நின்று பிடியுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமான தளத்தை ஒட்டி நிறுத்தினால் மட்டும் கேமரா தளத்தின் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது வேறு சட்டத்தில் கொண்டுபோய் விடும்.

அதிகாரியின் பெயர்ப்பட்டை, ஜீப் எண், இடம், நேரம் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். மகஜரைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம், வெற்றுத் தாளில் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். நகல் கேளுங்கள். வண்டியைப் பிடித்துவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 497 அல்லது 503-இன்கீழ் இடைக்கால விடுவிப்பு மனுவை உடனே போடுங்கள், ஆர்.சி., இன்சூரன்ஸ், அடையாளச் சான்று, பிணைப்பத்திரம் தயாராக இருக்கட்டும். வண்டிகளை ஸ்டேஷனில் நெடுநாள் போட்டுவைக்கக் கூடாது என்று 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கிலேயே சொல்லியாயிற்று. கஞ்சா வழக்கில்கூட வண்டியை இடைக்காலமாக விடத் தடையில்லை என்று 2025 ஜனவரியில் பிஸ்வஜித் தே வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கடலோர ஸ்டேஷன் வாசலில் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளின் கதவடியைப் பார்த்தவர்களுக்கு இதன் அவசரம் புரியும். முதலில் துரு, பிறகு ஓட்டை, கடைசியில் ஏலத்தில் பழைய இரும்பு விலை.

அத்துமீறல் என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் ஸ்பீட் போஸ்ட்டில் புகார் அனுப்பி ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்து 1 ஆண்டுக்குள் போக வேண்டும். போதைப்பொருள் சட்டத்திலேயே, காரணமில்லாமல் தொல்லைப்படுத்தும் சோதனைக்குப் பிரிவு 58-இன்கீழ் அதிகாரிக்கு 6 மாதம்வரை சிறை உண்டு. ரிட் மனுவுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. ஸ்டேஷனுக்கு அழைத்துச் சென்றிருந்தால் அங்கே கேமரா இருக்க வேண்டும் என்பது 2020 டிசம்பர் 2-ஆம் தேதி உச்ச நீதிமன்ற உத்தரவு. பதிவைப் பாதுகாத்துவைக்கும்படி அன்றே எழுத்தில் கேட்டுவிடுங்கள். மாதக் கணக்கில் கழித்துக் கேட்டால் அழிந்துவிட்டது என்பார்கள்.

மாவட்டக் காவல்துறைக்கு எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஆவணம் பார்ப்பதைத் தாண்டித் தேடுகிற ஒவ்வொரு முறையும், எதுவும் கிடைக்காமல் விட்டுவிட்டாலும்கூட, கையகலச் சீட்டு ஒன்று கொடுங்கள். தேடிய அதிகாரி பெயர், பதவி, எந்தச் சட்டம், என்ன சந்தேகம், இடம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம். கார்பன் நகல் உங்களிடம் இருக்கட்டும். பஸ் கண்டக்டர் ஒரு நாளில் கிழிக்கிற சீட்டைவிட இது அதிகமாகிவிடாது.

ஆசிரியர் அவர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை உங்கள் நிருபர் ‘வாகனச் சோதனையில் ஈடுபட்டிருந்தபோது’ என்று எழுதி அனுப்பினால், தேடியவர் என்ன பதவியில் இருந்தார், எந்தச் சட்டத்தின்கீழ் தேடினார், மகஜர் எங்கே எழுதப்பட்டது என்ற மூன்றையும் கேட்டு வாங்கிச் செய்தியில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர்கள் சிலர்,
ராமநாதபுரம்.